சுரங்கத்துக்குச் சரக்கு கொடுக்க வேண்டுமா? – வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

வடலூரில் அப்பா நடத்திய லேத் பட்டறைக்குக் கணக்கு எழுதப் போனபோது எனக்கு 22 வயது. கணக்கோடு டெண்டரும் எழுதிப் போடச் சொன்னார். 34 வருடம் ஆகிறது, இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்குப் பிறகு பட்டறை என் கைக்கு வந்தது. கன்வேயர் ரோலர், ஷாஃப்ட், புஷ் இவைதான் எங்கள் சரக்கு. போன இதழில், குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உதயம் பதிவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, சுரங்க நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுக்க வழி கேட்டு ஒரு கட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இங்கே இடம் இல்லை. பலருக்கும் பொதுவாக இருக்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நான்கு ஆட்கள் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் எடுக்கும் ஆர்டருக்கு ஜாப் ஒர்க் மட்டும் செய்கிறேன். நேரடியாக என்எல்சிக்கே சப்ளை செய்ய எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், வடலூர்

ஐயா, பன்னிரண்டு வருடமாக உங்கள் சரக்கு சுரங்கத்துக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பில்லில்தான் வேறொருவர் பெயர். உங்களுக்கு வேலை தெரியுமா என்று யாரும் கேட்க முடியாது. இனி நீங்கள் கற்க வேண்டியது தாள் வேலை.

முதலில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். ‘லேத் வேலை எல்லாம் செய்வோம்’ என்று போய் நிற்காதீர்கள். கொள்முதல் பிரிவில் இருப்பவர்கள் இன்ன டிராயிங் எண், இன்ன மெட்டீரியல், இத்தனை எண்ணிக்கை என்றுதான் வாங்குவார்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்கு என்னென்ன தேவை என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். 1957-இல் அங்கே மண்ணை வெட்டத் தொடங்கிய நாளிலிருந்து இயந்திரங்களுக்கு எதிரி கடலூர் மணற்கல். சக்கரத்தில் மாட்டிய வாளிகளால் மண்ணை வெட்டும் பக்கெட் வீல் இயந்திரத்தின் பற்களை அது அரம் போட்ட மாதிரி தேய்த்துவிடும். வெட்டிய மண்ணும் பழுப்பு நிலக்கரியும் கிலோமீட்டர் கணக்கில் பெல்ட்டில் ஓடுகின்றன. பெல்ட்டைத் தாங்க வரிசை வரிசையாக ரோலர்கள். நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் பம்புகளுக்கு ஓய்வே இல்லை. பல், ரோலர், பம்ப் ஷாஃப்ட், புஷ், கேஸ்கட் என்று தேய்ந்து மாற்ற வேண்டியவை அங்கே தீரவே தீராது. கடந்த இரண்டு வருடத்தில் நீங்கள் செய்த ஜாப்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். எது அதிகம் திரும்பத் திரும்ப வந்ததோ அதுதான் உங்கள் பொருள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். உங்களுக்கு வேலை கொடுப்பவர் நம்பித் தந்த டிராயிங்கை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் விலை போடாதீர்கள். டெண்டர் வரும்போது டிராயிங்கும் விவரக்குறிப்பும் அதனோடு வரும். அதை வைத்துப் போடுங்கள். சின்ன ஊர், எல்லோரும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் பிழைக்கிறோம்.

அப்புறம் பதிவு. உதயம் பதிவு இலவசம், ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி வரையிலும் விற்றுமுதல், அதாவது வருட விற்பனை, பத்துக் கோடி வரையிலும் இருந்தால் நீங்கள் குறுந்தொழில்தான். ஜிஎஸ்டி, பான் இரண்டும் ஏற்கனவே இருக்கும். அரசு நிறுவனங்கள் பொருள் வாங்கும் இணையச் சந்தையான ஜெம் தளத்தில் விற்பனையாளராகப் பதிந்துகொள்ளுங்கள். மற்ற டெண்டர் தளங்களுக்கு டிஜிட்டல் கையெழுத்துச் சான்றும் வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களுக்கான கொள்முதல் ஆணை ஒன்று 2012-இல் வந்தது. முதலில் 20 சதவீதம் என்று இருந்ததை 2018-இல் திருத்தினார்கள். இப்போது அந்த நிறுவனங்கள் ஆண்டுதோறும் வாங்கும் பொருள், சேவையில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். நமக்கு டெண்டர் ஆவணம் இலவசம். டெண்டரோடு பிணையாகக் கட்டும் முன்வைப்புத் தொகையும் கட்டத் தேவையில்லை. அந்த வருடம் என்னென்ன வாங்கப்போகிறோம் என்ற கொள்முதல் திட்டத்தையும் நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். அதைத் தேடி எடுத்து அச்சடித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் பட்டறையில் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

முன் அனுபவமும் குறைந்தபட்ச விற்றுமுதலும் கேட்கிறார்களே என்று பயந்து ஒதுங்கிவிடாதீர்கள். தரமும் தொழில்நுட்ப அளவும் சரியாக இருந்தால் குறு, சிறு தொழில்களுக்கு இவற்றைத் தளர்த்த விதியில் இடம் உண்டு. ஒவ்வொரு டெண்டரிலும் தளர்த்தியிருக்கிறார்களா என்று படித்துப் பார்க்க வேண்டும். படிப்பது என்றால் முதல் பக்கத்தை மட்டும் படிப்பது இல்லை. நான் டெண்டரை மூன்று தடவை படிப்பேன். ஒரு தடவை என்ன கேட்கிறார்கள் என்று பார்க்க. இன்னொரு தடவை எந்தெந்தத் தாளை இணைக்கச் சொல்கிறார்கள் என்று குறிக்க. கடைசித் தடவை அபராதம், வாரண்டி, பணம் தரும் நாள் ஆகியவற்றுக்காக மட்டும்.

எனக்கு 26 வயதில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது டெண்டரை உறையில் போட்டு அரக்கு வைத்துப் பெட்டியில் போட வேண்டும். மூன்று மணிக்குப் பெட்டியை மூடுவார்கள். தைப்பூசத்துக்கு முந்தின நாள். வடலூரில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சைக்கிள்கூட நகராது. அப்பா காலையிலேயே போகச் சொன்னார். ‘விலையை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுப் போகிறேன்’ என்று நான்தான் தாமதித்தேன். போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று பத்து. பெட்டி மூடியாகிவிட்டது. முழுக்க முழுக்க என் தப்பு. அன்றிலிருந்து கடைசி நாளுக்கு முந்தின நாளே போட்டுவிடுவேன். இப்போது எல்லாம் ஆன்லைன்தானே என்று நினைக்காதீர்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் தளம் சுற்றிக்கொண்டே நிற்கும், கரண்ட் போகும், டிஜிட்டல் கையெழுத்துச் சாவியைக் கணினி எடுத்துக்கொள்ளாது.

மந்தாரக்குப்பத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். உதயம் சான்று இருக்கிறது. ஆனாலும் முன்வைப்புத் தொகை கட்டச் சொல்லி என் டெண்டரைத் தள்ளிவிட்டார்கள். இது நியாயமா?
– வாசகர், மந்தாரக்குப்பம்

விதிப்படி அவர்கள் செய்தது சரி. 2021 ஜூலையிலிருந்து வியாபாரிகளும் உதயத்தில் பதியலாம். ஆனால் அந்தப் பதிவு வங்கிக் கடனில் முன்னுரிமை பெற மட்டுமே. கொள்முதல் ஆணையின் சலுகைகள் பொருளைத் தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான். வாங்கி விற்பவருக்குக் கிடையாது. முன்வைப்புத் தொகையைக் கட்டிவிட்டு மற்றவர்களைப் போலவே போட்டியிடலாம், அதற்குத் தடை இல்லை. நீங்களே ஏதாவது தயாரிக்கத் தொடங்கினால், உதாரணமாக கேஸ்கட் வெட்டும் பிரஸ் ஒன்று போட்டால், அந்தப் பொருளுக்குத் தயாரிப்பாளர் என்று சான்றில் சேர்த்துக்கொள்ளலாம். தாளில் மட்டும் தயாரிப்பாளர் ஆகிவிடாதீர்கள். பட்டறையை நேரில் வந்து பார்ப்பார்கள்.

ஒரு டெண்டரில் நான் போட்ட விலையைவிடச் சென்னையில் இருக்கும் ஒரு பெரிய கம்பெனி குறைவாகப் போட்டுவிட்டது. ஆனாலும் எனக்குக் கொஞ்சம் ஆர்டர் வரலாம் என்று நண்பர் சொல்கிறார். எப்படி?
– வாசகர், விருத்தாசலம்

நண்பர் சொல்வது உண்மைதான். இதற்கு ‘எல்1 கூட்டல் 15’ என்று பேச்சு வழக்கில் பெயர். மிகக் குறைந்த விலை போட்டவரை எல்1 என்பார்கள். அவர் 100 ரூபாய், நீங்கள் 112 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் குறு, சிறு தொழில் இல்லை, நீங்கள் அந்த வகை, உங்கள் விலையும் 115-க்குள் இருக்கிறது. அப்படியானால், ‘நீங்களும் 100 ரூபாய்க்குத் தருகிறீர்களா?’ என்று உங்களைக் கேட்டாக வேண்டும். தருகிறேன் என்றால் மொத்தத்தில் குறைந்தது 25 சதவீதம் உங்களுக்கு. உங்களைப் போல இன்னும் சிலர் அந்த 115-க்குள் இருந்தால் அது பங்காகப் பிரியும்.

பலரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஆர்டர் 112 ரூபாய்க்குக் கிடைப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். கிடைப்பது 100 ரூபாய்க்கு. விலை போடும் முன்பே, எந்த விலை வரை இறங்கினால் கூலியும் கரண்ட் பில்லும் நிற்கும் என்று ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி வரும் நாளில் ஆசையில் ‘சரி’ சொல்லிவிடக் கூடாது. நான் அப்படிச் சொல்லிவிட்டு ஒரு முழு லாட் ரோலரை நஷ்டத்துக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆட்களுக்குத் தீபாவளி போனஸ் கொடுக்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய பள்ளம் என்று தெரிந்தது.

இன்னொன்று. 358 பொருள்களைக் குறு, சிறு தொழில்களிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். போல்ட்–நட், வாளி, துடைப்பம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரிய கம்பெனியோடு மோத வேண்டிய அவசியமே இல்லை.

டிப்ளமோ முடித்துவிட்டு மாமாவின் பட்டறையில் கன்வேயர் ரோலர் செய்கிறேன். மாதிரிக்கு அனுப்பிய மூன்று ரோலரும் ரிஜெக்ட். ரன் அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) அதிகம், உள்ளே தண்ணீர் போகிறது என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல கம்பெனி பேரிங்தான் போட்டோம்.
– வாசகர், பண்ருட்டி

தம்பி, காரணத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, அதைப் பத்திரமாக வைத்துக்கொள். அந்தத் தாள் உனக்கு ஒரு வருடப் படிப்புக்குச் சமம்.

நல்ல பேரிங் போட்டதால் மட்டும் ரோலர் நன்றாக ஓடாது. பேரிங் உட்காரும் ஹவுசிங்கைக் குழாயில் வெல்டிங் செய்யும்போது சூட்டில் அது இழுத்துக்கொள்ளும். பெரிய கம்பெனிகளில் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் வெல்டிங் செய்யும் மெஷின் இருக்கும். நம்மிடம் இல்லை. அதனால் முதலில் நான்கு இடத்தில் பொட்டு வை, பிறகு எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி வெல்டிங் போடு. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போகாதே. வெல்டிங் எல்லாம் முடிந்து ஆறிய பிறகுதான் பேரிங் அளவுக்குக் கடைசி போரிங், அதாவது துளையை உள்ளே கடைந்து அளவாக்குவது. நீங்கள் போரிங்கை முதலில் முடித்துவிட்டு அப்புறம் வெல்டிங் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தோம். குழாய் வாங்கும்போதே அது வட்டமாக இருக்கிறதா என்று நான்கு இடத்தில் வெர்னியர் வைத்துப் பார். முட்டை மாதிரி இருக்கும் குழாயை என்ன செய்தாலும் ரன் அவுட் போகாது. ஆட்டத்தை அளக்க டயல் கேஜ் ஒன்று வாங்கச் சொல்லி மாமாவிடம் கேள். அந்தச் செலவு ஒரே ரிஜெக்‌ஷனில் திரும்பி வந்துவிடும்.

தண்ணீர் விஷயம் சீலில் இருக்கிறது. பேரிங்கை உள்ளே அழுத்தும்போது எந்த வளையம் இறுக்கமாக உட்கார வேண்டுமோ அந்த வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். சுத்தியலால் தட்டினால் பேரிங்கும் போகும், சீலும் சாயும். சீல் இடுக்கில் கிரீஸ் முழுதாக நிரம்பியிருக்க வேண்டும். சரக்கை அனுப்பும் முன் நீயே ஒரு சோதனை செய். ஒரு ரோலரை மோட்டாரில் மாட்டிச் சுற்றவிட்டு, முனையில் நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டவிடு. அப்புறம் பிரித்துப் பார்த்தால் கிரீஸ் நிறமே உனக்குப் பதில் சொல்லும். ரோலருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 8598. அதை வாங்கிப் படி. குழாய்க்கும் ஷாஃப்டுக்கும் ஆலைச் சோதனைச் சான்றைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, எந்தச் சான்று எந்த லாட்டுக்கு என்று எழுதி வை. வெளிச் சோதனை தேவைப்பட்டால் கிண்டியில் மத்திய அரசின் சிறுதொழில் சோதனை மையம் இருக்கிறது.

மறுபடியும் அனுப்பும்போது, முன்பு சொன்ன இரண்டு குறையையும் எப்படிச் சரி செய்தாய் என்று ஒரு பக்கத்தில் எழுதி, உன் அளவுத் தாளோடு சேர்த்து அனுப்பு. சோதிக்கும் இன்ஜினீயர்களும் உன் மாதிரி டிப்ளமோ முடித்து வந்தவர்கள்தான். முனைந்து திருத்தியவனை அவர்களுக்குப் பிடிக்கும்.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை எடுத்திருக்கும் ஒரு பெரிய ஒப்பந்ததாரருக்கு ஃபேப்ரிகேஷன் செய்து கொடுத்தேன். ஏழு மாதம் ஆகிறது, நான்கு லட்சத்து இருபதாயிரம் வரவில்லை. கேட்டால் ‘எங்களுக்கு மேலிருந்து வரவில்லை’ என்கிறார்கள். சட்டம் ஏதாவது இருக்கிறதா?
– வாசகர், அரியலூர்

இந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினேழு வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதே கதை. அவரும் ஒரு ஒப்பந்ததாரர், வெளி மாவட்டத்துக்காரர். ஆறு லட்சத்துச் சொச்சம் நின்றது. ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க என் வளையல் நான்கையும் அடகு வைத்தேன். இரண்டைத்தான் திருப்ப முடிந்தது. சட்டம் அப்போதே இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2006-ஆம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்வது இது. குறு அல்லது சிறு தொழிலிடம் வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். வாங்கியவர் அரசு நிறுவனமா தனியாரா என்ற வித்தியாசம் இதில் இல்லை. ‘மேலிருந்து வரவில்லை’ என்பது சட்டத்தில் ஒரு காரணமே இல்லை. தாமதித்தால் 16-ஆம் பிரிவுப்படி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி.

நாள் எப்போதிலிருந்து ஓடும்? சரக்கு போய் இறங்கிய 15 நாளுக்குள் அவர்கள் எழுத்து மூலம் குறை சொல்லவில்லை என்றால், இறங்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அதனால்தான் டெலிவரி சலானில் தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள் என்று எங்கள் டிரைவரிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் ‘ஓகே’ சலானுக்கு ஈடாகாது.

நீங்கள் செய்ய வேண்டியது: பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், சலான், நினைவூட்டிய கடிதங்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். வட்டிக் கணக்கு போட்டு, இத்தனை நாளில் தராவிட்டால் சமரச மன்றத்துக்குப் போவேன் என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். மரியாதையாகவே எழுதுங்கள். இதற்கே பாதிப் பேர் பணம் தந்துவிடுவார்கள், என் அனுபவம் அது. தராவிட்டால் மத்திய சிறுதொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் பதியலாம். அது தமிழ்நாட்டில் இருக்கும் நான்கு வட்டாரச் சமரச மன்றங்களில் உங்களுக்குரிய திருச்சி மன்றத்துக்குப் போகும். முதலில் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். சரக்கு கொடுக்கும் முன்பே உங்கள் உதயம் பதிவு இருந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.

2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதி ஒன்றும் நமக்குச் சாதகம். இந்தக் கெடுவுக்குள் பணம் தராதவர், பணத்தை உண்மையில் தந்த வருடக் கணக்கில்தான் அந்தச் செலவைக் கழித்துக்கொள்ள முடியும். மார்ச் மாதத்தில் அவருடைய ஆடிட்டருக்கே ஒரு கடிதம் போடுங்கள். அவர் உங்களுக்காக வாதாடுவார்.

இதை ஒட்டி எல்லோருக்கும் ஒரு கணக்கு. வரி இல்லாமல் ஆறு லட்ச ரூபாய் ஆர்டர் ஒன்று எடுக்கிறீர்கள். இரும்பு, குழாய், பேரிங் மூன்று லட்சத்து அறுபதாயிரம். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 64,800. கூலியும் கரண்டும் 90,000. சரக்கு அனுப்பி இன்வாய்ஸ் போட்டதும், பணம் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த மாதம் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். வாங்கிய வரியைக் கழித்தால் 43,200. ஆக மொத்தம் 5,58,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போயிருக்கும். செய்ய ஒரு மாதம், சோதனைக்கும் ஏற்றுவதற்கும் பதினைந்து நாள், பணத்துக்கு 45 நாள். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மூன்று மாதம் அந்தப் பணம் திரும்பாது. இதே மாதிரி மூன்று ஆர்டரை ஒரே நேரத்தில் எடுத்தால் பதினாறே முக்கால் லட்சம் வேண்டும். ஆர்டர் கிடைக்காமல் மூடிய பட்டறைகளைவிட, தாங்க முடியாத அளவுக்கு ஆர்டர் எடுத்து மூடிய பட்டறைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பெரிய நிறுவனத்துக்கு நேரடியாகக் கொடுத்தால் டிரெட்ஸ் என்ற வழி இருக்கிறது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் அதில் சேர்ந்தாக வேண்டும். உங்கள் இன்வாய்ஸை அவர்கள் அங்கே ஏற்றுக்கொண்டால், ஒரு வங்கி தள்ளுபடி வட்டியைக் கழித்துக்கொண்டு பணத்தை உடனே தந்துவிடும். நாளைக்கு அந்தக் கம்பெனி வங்கிக்குப் பணம் தராவிட்டாலும் வங்கி உங்களிடம் வர முடியாது. அப்புறம், இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆர்டரில் பொதுத்துறை நிறுவனங்கள் 2 சதவீதம் ஜிஎஸ்டி பிடித்தம் செய்யும். அது உங்கள் ஜிஎஸ்டி கணக்கில்தான் வந்து நிற்கிறது. தளத்தில் போய் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று அழுத்தினால்தான் ரொக்க இருப்பில் சேரும். நான் ஒரு வருடம் அழுத்தாமலே இருந்தேன்.

எங்கள் மகளிர் குழுவில் பதினோரு பேர் தையல் தெரிந்தவர்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்கு யூனிஃபார்ம், கையுறை தைத்துக் கொடுக்க முடியுமா?
– வாசகி, குறிஞ்சிப்பாடி

முடியும் அம்மா. அந்த 25 சதவீதத்துக்குள் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு 3 சதவீதமும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு 4 சதவீதமும் தனியாக இருக்கின்றன. சுய உதவிக் குழு என்றே உதயத்தில் பதியலாம். ஜெம் தளத்தில் பெண் தொழில்முனைவோருக்காக 2019 முதல் ‘வுமனியா’ என்று ஒரு பகுதியும் இருக்கிறது.

யூனிஃபார்மில் இருந்து தொடங்குங்கள். சாதாரணப் பருத்திக் கையுறையும் செய்யலாம். ஆனால் பாதுகாப்புக் காலணி, ஹெல்மெட் மாதிரியானவற்றைச் சுரங்கத்துக்குள் பயன்படுத்த, தன்பாத்தில் தலைமையகம் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் வேண்டும். அந்தப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம். துணியின் எடை, நிறம் போகாத தன்மை, தையல் எண்ணிக்கை எல்லாம் விவரக்குறிப்பில் இருக்கும். ‘நல்ல துணி’ என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல் சோதனைச் சான்று கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் குழுவின் பெயரைக் கொடுங்கள், டெண்டரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கமிஷன் தருகிறோம் என்று ஆண்கள் சிலர் வருவார்கள். என்னிடமும் வந்தார்கள். கொடுக்காதீர்கள். சரக்கு தப்பாகப் போனால் தடைப் பட்டியலில் ஏறுவது உங்கள் பெயர். வங்கிக் கணக்கு, ஜெம் கடவுச்சொல், ஓடிபி வரும் ஃபோன் மூன்றும் குழுவிலுள்ள ஒருத்தியின் கையில் இருக்கட்டும்.

எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனது. நிலம் கொடுத்தவர்களுக்குத்தானே முதலில் வேலையும் காண்ட்ராக்டும் கொடுக்க வேண்டும்? வெளியூர்க்காரர்கள் அல்லவா சப்ளை செய்கிறார்கள்?
– வாசகர், நெய்வேலி அருகிலுள்ள ஒரு கிராமம்

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. என் அம்மா ஊர்க்காரர்களும் இதே கேள்வியோடு வாழ்ந்தவர்கள். நெல்லும் கரும்பும் விளைந்த இடத்தைக் காட்டிச் சொல்லக்கூட இப்போது அங்கே இடம் இல்லை.

விதி என்னவென்றால், நான் மேலே சொன்ன கொள்முதல் ஆணையில் உள்ளூர்க்காரருக்கோ நிலம் கொடுத்தவருக்கோ என்று தனிப் பங்கு கிடையாது. இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மற்ற நாடுகளில் சுரங்கக் கம்பெனிகள் இதற்காக ஆள் போட்டு வேலை செய்திருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம் 1989-இல் ‘ஜிமேலே’ என்று ஒரு பிரிவைத் தொடங்கியது. சொந்தக் காலில் நிற்பது என்று அதற்கு அர்த்தம். சின்னத் தொழில்களுக்குக் கடனும் வழிகாட்டும் ஆளும் சேர்த்தே கொடுத்தார்கள். சிலியில் பிஹெச்பி என்ற சுரங்கக் கம்பெனியும் பிறகு அரசுச் செம்பு நிறுவனமான கொடெல்கோவும் வேறு மாதிரி செய்தன. ‘இந்த டிராயிங்குக்கு விலை போடு’ என்று கேட்காமல், ‘இன்ன இடத்தில் எங்களுக்கு இன்ன சிக்கல், தீர்க்க யாரால் முடியும்?’ என்று உள்ளூர்த் தொழில்களிடம் கேட்டு, செய்து பார்க்கச் சுரங்கத்திலேயே இடம் கொடுத்தார்கள். மணற்கல்லில் பல் தேய்வதை முப்பது வருடம் பார்த்த வெல்டர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் இப்படிக் கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

விற்பனையாளர் கூட்டங்கள் எங்கே நடந்தாலும் நான் எழுந்து கேட்பது மூன்று. ஒரே பெரிய டெண்டராகப் போடாமல் சின்னச் சின்ன லாட்டாகப் பிரியுங்கள். மாற்றப்படும் பாகங்களை ஒரு அறையில் வைத்து, எந்தப் பட்டறைக்காரரும் வந்து தொட்டுப் பார்க்க விடுங்கள். விலையில் தோற்றவருக்கும் தரத்தில் தோற்றவருக்கும் காரணத்தை எழுதிக் கொடுங்கள். நீங்களும் வாருங்கள், ஊர்க்காரர்களோடு வாருங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் கூட்டத் தேதி சொல்வார்கள். தனி ஒருத்தியின் குரலை விடப் பத்துப் பேரின் குரல் மேசைக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

இழப்பீட்டுப் பணம் கையில் இருந்தால் முழுவதையும் டிப்பர் லாரியில் போட்டுவிடாதீர்கள். எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள், வாடகை விழுந்துவிடுகிறது, தவணை மட்டும் விழுவதில்லை. வீட்டில் ஐடிஐ படித்த பிள்ளை இருந்தால், முதலில் ஒரு வருடம் ஏதாவது ஒரு பட்டறையில் வேலைக்கு அனுப்புங்கள். எங்கள் பட்டறைக்கு அனுப்பினாலும் சரி, சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பேன்.

மூன்று சதவீதம் கொடுத்தால் வெண்டார் பதிவு வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், சேத்தியாத்தோப்பு

வேண்டாம். உதயம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. மற்றவற்றுக்கு என்ன தாள் வேண்டும் என்று அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. அவர் கேட்டதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், அத்தோடு வரமாட்டார். அப்படியும் வந்தால், ஒவ்வொரு பொதுத்துறை நிறுவனத்திலும் ஊழல் தடுப்புக் கண்காணிப்புப் பிரிவு இருக்கிறது. தேதி, நேரம், என்ன சொன்னார் என்பதை எழுதி அங்கே அனுப்புங்கள்.